பேசாத பலகை

தமிழ்த்துறை மலரில் மின்னணுவியல் ஆசிரியனுக்கு என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். பேசுவதும் கேட்பதும் பொருள் உணர்வதும் தமிழாசிரியர்களுக்கு மட்டும் உரியவை அல்ல. எங்கள் ஆய்வக மேசையிலும் அவையே அன்றாடச் சிக்கல்கள்.

ஆர்டுயினோ என்னும் சிறு மின்னணுப் பலகையை இன்று பள்ளி மாணவரும் அறிவர். இத்தாலியின் இவ்ரேயா நகரில், வடிவமைப்புப் பயிலும் மாணவர்களுக்காக 2005ஆம் ஆண்டு உருவானது அது. அதன் ‘ஊனோ’ வகை 2010இல் வெளிவந்தது. யூ.எஸ்.பி. கம்பி வழியே கணினியிடமிருந்து 5 வோல்ட் மின்சாரம் பெறும் அப்பலகை, அதே கம்பி வழியே கணினியோடு பேசவும் செய்கிறது. உணவும் உரையாடலும் ஒரே வழியில் நிகழ்வதால், எது தடைப்பட்டது என்று அறியாமல் பலரும் திகைக்கின்றனர்.

2019ஆம் ஆண்டில் இறுதியாண்டு மாணவர் ஒருவர் இத்தகைய பலகையோடு என்னிடம் வந்தார். வயலுக்கு மும்முனை மின்சாரம் வரும் நேரம் தெரியாமல் இரவில் விழித்துக் கிடக்கும் தம் தந்தைக்கு, மின்சாரம் வந்ததும் குறுஞ்செய்தி அனுப்பும் கருவி செய்ய முனைந்திருந்தார். “பலகை செத்துப் போச்சு ஐயா. வாப்பா கொடுத்த காசும் வீணாப் போச்சு. எனக்கு இந்தப் படிப்பே சரிவராது” என்றார். பலகை போனால் வேறு வாங்கலாம். அக்கடைசிச் சொல்லே என்னை வருத்தியது. “ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்போம், தம்பி” என்று தொடங்கினோம்.

பலகையில் விளக்கு எரிந்தது. கணினியோ அதை அறியவில்லை. யூ.எஸ்.பி. கம்பிக்குள் மின்சாரத்துக்கு இரண்டு இழைகளும் செய்திக்கு இரண்டு இழைகளும் வேண்டும். கைப்பேசிக்கு மின்னேற்ற மட்டும் செய்யப்பட்ட சில கம்பிகளில் செய்தி இழைகளே இருப்பதில்லை. அவருடையது அத்தகையது. வேறு கம்பி இட்டதும் கணினி பலகையை அறிந்துகொண்டது.

அடுத்து, திரையில் பொருளற்ற குறிகள் கொட்டின. பலகை நொடிக்கு 9600 பிட் வேகத்தில் பேச, திரை 115200 வேகத்தில் கேட்டுக்கொண்டிருந்தது. ஓர் எழுத்துருவில் தட்டச்சிட்ட தமிழ், வேறோர் எழுத்துருவில் திறந்தால் புரியாக் குறிகளான காலத்தை இங்குள்ள பெரியோர் மறந்திருக்க மாட்டார்கள். அச்சிக்கலைத் தீர்க்கவே 1999இல் சென்னையில் மாநாடு கூட்டிப் பொதுமுறை வகுக்க நேர்ந்தது. இங்கும் குறை எழுத்தில் இல்லை. இருவரிடையே உடன்பாடு இல்லாமையே குறை.

வேகத்தை ஒன்றாக்கியதும் பலகையின் தொடக்க வரி தெளிவாகத் தெரிந்தது. ஆனால் அதே வரி மீண்டும் மீண்டும் வந்தது. பலகை அடிக்கடி விழுந்தெழுகிறது என்பதே அதன் பொருள். குறுஞ்செய்தி அனுப்பும் ‘சிம்800எல்’ கருவிக்கும் அவர் பலகையிலிருந்தே மின்சாரம் எடுத்திருந்தார். அக்கருவி கோபுரத்தோடு தொடர்புகொள்ளும் கணத்தில் 2 ஆம்பியர் வரை இழுக்கும், யூ.எஸ்.பி. வழியில் பலகையிலுள்ள காப்பு உருகியோ அரை ஆம்பியருக்கு உரியது. அக்கணத்தில் மின்னழுத்தம் தாழ்ந்து பலகை மீளத் தொடங்கும். விளக்கு எரிவது மின்சாரம் உண்டு என்பதற்குச் சான்றே அன்றி, போதும் என்பதற்குச் சான்றாகாது.

கருவிக்கு 4 வோல்ட் மின்சாரம் தனியே கொடுத்தோம். விழுந்தெழுதல் நின்றது, ஆனால் அமைதி சூழ்ந்தது. இரண்டு மின்வழங்கிகளின் ‘கிரவுண்ட்’ இணைக்கப்படவில்லை. மின்னழுத்தம் என்பது இரு புள்ளிகளுக்கு இடையிலான வேறுபாடு. இருவரும் ஒரே தரையிலிருந்து அளந்தால்தான் ஒருவர் சொல்வது மற்றவருக்கு விளங்கும். அவ்விணைப்பைக் கொடுத்து, ஒன்றின் வாய் மற்றதன் செவிக்குச் செல்லுமாறு கம்பிகளைக் குறுக்காக இட்டு, பலகையின் 5 வோல்ட் குரலைக் கருவி தாங்கும் அளவுக்குத் தடையங்களால் தாழ்த்தினோம். ‘ஏடி’ என்று விளித்தோம். ‘ஓகே’ என்று மறுமொழி வந்தது. அம்மாணவர் நெடுநேரம் திரையையே நோக்கி நின்றார்.

அங்கு எதுவும் செத்திருக்கவில்லை. மாற்றியவை கம்பியும் மின்வழங்கியும் இணைப்புகளுமே.

மாணவ நண்பர்களே! ஐயத்துக்கும் ஒரு வரிசை உண்டு. மின்சாரம் போதுமா, வழி திறந்துள்ளதா, வேகம் ஒத்துள்ளதா, தரை பொதுவானதா என்று முறையே வினவுங்கள். இவற்றுக்குப் பின்னரே கருவியை ஐயுறுங்கள். உங்கள் அறிவை ஐயுறுவதற்கு அந்த வரிசையில் இடமே இல்லை.