கால் இஞ்ச்

இரவு பதினொரு மணியைத் தாண்டியும் மகளின் அறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பொங்கல் விடுப்புக்கு மயிலாடுதுறை வந்தவள், லேப்டாப்பை விட்டு நகரவே இல்லை. அப்பா கதவருகே வந்து நின்றார்.

"என்ன பாப்பா, கிணறு சொன்ன பேச்சைக் கேக்கலையா?"

அவருக்கு எழுபது வயது. எண்பதுகளில், பதினான்கு நாள் அரபிக்கடலில், பதினான்கு நாள் வீட்டில் என்று வாழ்ந்தவர். எண்ணெய்க் கிணற்றைச் சாய்வாகத் தோண்டி, சொன்ன இடத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர் வேலை. மகளுக்கும் ஏறக்குறைய அதே வேலைதான், கிரீஸ் கறை மட்டும் கிடையாது. துரப்பணக் குழாயின் அடிப்பகுதி பாறைக்குள் எந்தப் பக்கம் திரும்பும் என்று கம்ப்யூட்டரில் முன்கூட்டியே கணக்கிட்டுச் சொல்கிறாள்.

இரும்புக் குழாய் எப்படித் திரும்பும் என்று யாராவது கேட்டால் தலைமுடியைக் காட்டுவாள். ஐந்து இஞ்ச் குழாயை இரண்டு கிலோமீட்டருக்கு இறக்கினால், தடிமனுக்கும் நீளத்துக்கும் உள்ள விகிதத்தில் அது ஒரு மீட்டர் நீளத் தலைமுடிதான். அடியில் மாட்டும் கனமான காலர்கள்கூட எடை ஏறினால் வளைந்துகொடுக்கும். 1950-ல் ஆர்தர் லுபின்ஸ்கி என்ற பொறியாளர் அந்த வளைவைக் கணக்காக எழுதிக் காட்டினார். 1953-ல் உட்ஸ் என்பவரோடு சேர்ந்து, கிணறு ஏன், எவ்வளவு சாய்கிறது என்று ஆராய்ந்தார். மகளின் மென்பொருளுக்கு அவர்கள்தான் பாட்டன்கள்.

அப்பாவின் விளக்கம் வேறு. "தேரை எப்படித் திருப்புறாங்க? முட்டுக்கட்டை போட்டுத்தானே?" குழாயில் அந்த வேலையைச் செய்வது ஸ்டெபிலைசர். குழாயைச் சுற்றிப் பட்டை பட்டையாகப் புடைத்து, கிணற்றுச் சுவரை ஒட்டி நிற்கும் துண்டு அது. பாறையைக் குடையும் பிட்டுக்குப் பக்கத்திலேயே ஒன்றை வைத்தால், பின்னாலுள்ள குழாய் வளைந்து நெம்புகோல் போல பிட்டை மேலே தூக்கும், சாய்வு கூடும். அதை எடுத்துவிட்டுத் தள்ளி வைத்தால் பிட் ஊசல்குண்டு போலக் கீழே தொங்கும், சாய்வு குறையும். மூன்றை அடுத்தடுத்து வைத்தால் போகிற கோணத்திலேயே போகும்.

அன்றைய கிணற்றில் மூன்று இருந்தன. 42 டிகிரியில் மாறாமல் போக வேண்டியது, முப்பது மீட்டருக்கு ஒருமுறை எடுத்த அளவுகளில் 41.6, 41.1, 40.5 என்று இறங்கிக்கொண்டே வந்தது. கீழே அதே மேடையிலிருந்து போன பழைய கிணறு ஒன்று உண்டு. அதில் போய் இடித்தால் என்ன ஆகும் என்று இருவருக்குமே தெரியும்.

கணக்கில் பாறையின் தன்மையை மட்டும் கொஞ்சம் மாற்றிப் பார்த்தாள். அழகாகப் பொருந்திவிட்டது.

"பாறைதாம்பா மாறியிருக்கு. எடையை ஏத்தி ஓட்டச் சொல்லப்போறேன்."

"ஸ்டெபிலைசரை அளந்தாங்களா?"

"பன்னிரண்டேகால் இஞ்ச்னு ஷீட்ல இருக்கே."

"ஷீட்ல இருக்கும். அளந்தாங்களான்னு கேட்டேன்."

மேடைக்குப் போன் போட்டாள். முந்தைய கிணற்றில் ஓடிய அதே ஸ்டெபிலைசர்தான். இறக்குமுன் அளவு வளையத்தை மாட்டிப் பார்த்ததாக யாருக்கும் நினைவில்லை. பழைய ஷீட்டின் எண் அப்படியே புதிய ஷீட்டுக்கு வந்திருந்தது.

பாறையைப் பழையபடி வைத்துவிட்டு, பிட்டை ஒட்டிய ஸ்டெபிலைசருக்கு 12 இஞ்ச் என்று போட்டாள். அதுவும் பொருந்தியது. இப்போது இரண்டு விடைகள். முதலாவதற்குச் செலவில்லை. இரண்டாவது சரியென்றால் குழாய் முழுவதையும் வெளியே இழுக்க வேண்டும். மேடையின் ஒருநாள் வாடகை ஏறக்குறைய அதிலேயே போகும். இழுத்த பிறகு எல்லாம் சரியாக இருந்தால் அவள் பெயர்தான் கெடும்.

அப்பா கட்டிலில் உட்கார்ந்தார்.

"எனக்கும் ஒருதடவை இப்படித்தான் இறங்குச்சு. பாறைன்னு எழுதினேன். இலக்கு தப்பிப்போய், சிமென்ட் ஊத்தி அடைச்சு, மேலேருந்து மறுபடி தோண்டினாங்க. குழாய் வெளியே வந்தப்போ பார்த்தேன், ஸ்டெபிலைசர் தேஞ்சு வழவழன்னு இருந்துச்சு. இறக்குறப்போ அளக்க வேண்டியவன் நான். அதை எழுதலை. பாறையைச் சரியாச் சொல்லலைன்னு ஜியாலஜிஸ்ட் பையன்தான் திட்டு வாங்கினான். வேற இடத்துக்கு மாத்திட்டாங்க."

அவள் அதுவரை கேள்விப்படாத கதை. அம்மாவுக்குத் தெரியுமா என்று கேட்க நினைத்தாள்; கேட்கவில்லை. குழாயை வெளியே எடுக்கச் சொல்லி மெயில் அனுப்பியபோது மணி பன்னிரண்டே முக்கால்.

மறுநாள் மாலை போட்டோ வந்தது. ஸ்டெபிலைசரில் வளையம் தொளதொளவென்று தொங்க, இடைவெளியில் யாரோ ஸ்கேலை வைத்துப் பிடித்திருந்தார்கள். கால் இஞ்ச்.

அப்பா போனை வாங்கி, படத்தைப் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திருப்பிக் கொடுத்தார்.

"பாப்பா, அந்தப் பையன் பேரு எனக்கு ஞாபகம் இருக்கு. இப்ப எங்கே இருக்கான்னு தேடிப் பார்க்க முடியுமா?"