மார்பைத் தட்டினேன்

மைசூர் மிருகக்காட்சிசாலைக்கு நான் முதன்முதலில் போனது 2004-ம் வருஷம். அன்று இந்தியா முழுவதற்கும் ஒரே ஒரு கொரில்லாதான் உண்டு; அது அங்கே இருந்தது. போலோ என்று பெயர். 1995-ல் அயர்லாந்தின் டப்ளின் நகரிலிருந்து வந்த ஆண் கொரில்லா.

தடுப்புக்கு இந்தப் பக்கம் நாங்கள் ஒரு பெருங்கூட்டம். அந்தப் பக்கம் அவன் ஒருவன். எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். கொடுத்த காசுக்கு முகத்தையாவது பார்க்க வேண்டாமா? சினிமாவில் கண்டபடி, இரண்டு முஷ்டிகளாலும் மார்பைத் தட்டிக் கூச்சலிட்டேன். கூட்டம் சிரித்தது. அவன் மெல்லத் திரும்பி ஒரு முறை பார்த்தான். பிறகு பழையபடி முதுகுதான். கூட்டத்தைச் சிரிக்க வைத்ததில் எனக்குப் பெருமை வேறு!

சில வருஷங்கள் கழித்து ஜார்ஜ் ஷாலர் எழுதிய புத்தகம் ஒன்று கைக்குக் கிடைத்தது. 1959, 60-ல் ஆப்பிரிக்காவின் விருங்கா மலைக் காடுகளில், துப்பாக்கி இல்லாமல் கொரில்லாக்களின் அருகே உட்கார்ந்து அவற்றின் வாழ்க்கையைக் கவனித்தவர் அவர். படிக்கப் படிக்க எனக்கு வெட்கமாகிவிட்டது.

காட்டுக் கொரில்லா குடும்பஸ்தன். முதுகு நரைத்த ஆண் ஒன்று தலைவன்; அவனைச் சுற்றிப் பெண்களும் குட்டிகளும். காலையில் இலை, தண்டு, குருத்து என்று மேய்ச்சல். உச்சிவேளையில் ஓய்வு, அப்போது குட்டிகள் தலைவன்மீதே ஏறிச் சறுக்கி விளையாடும். அந்தி சாய்ந்ததும் செடிகொடிகளை வளைத்து ஆளுக்கொரு படுக்கை செய்துகொள்ளும். மறுநாள் இரவு வேறு இடம், வேறு படுக்கை. மார்பைத் தட்டுவதும் முஷ்டியால் அல்ல, குவித்த உள்ளங்கையால். ‘இங்கே நான் இருக்கிறேன்’ என்று காட்டுக்கு அறிவிக்கும் முரசு அது. பல சமயம் அந்த ஓசையே சண்டை வராமல் தடுத்துவிடுகிறது.

போலோ யாருக்கு அறிவிப்பான்?

காட்டில் எல்லாம் சுகம் என்று நான் சொல்லவில்லை. அங்கே கண்ணி உண்டு, வேட்டைக்காரன் உண்டு, எபோலா உண்டு. கூண்டில் வேளைக்குத் தீனி, வைத்தியர். அமெரிக்காவில் கொலம்பஸ் நகரத்துக் காட்சிசாலையில் 1956-ல் பிறந்த கோலோ என்ற கொரில்லா 60 வயது வரை இருந்தது. காட்டில் 40 தாண்டுவதே அரிது.

ஆனால் ஆயுள் மட்டும் போதுமா? அட்லாண்டாவில் வில்லி பி. என்று ஒருவன். 1961-ல் சிறு குட்டியாகக் கொண்டுவந்தார்கள். 27 வருஷம் தனி அறை. துணைக்கு ஒரு டயர் ஊஞ்சலும் ஒரு டெலிவிஷன் பெட்டியும். 1988-ல்தான் கதவைத் திறந்து புல்வெளிக்கு விட்டார்கள். பிறகு பெண் கொரில்லாக்களோடு சேர்த்தார்கள். 1994-ல் அவனுக்கு ஒரு மகள் பிறந்தாள். 2000-ல் சாகும்போது அவன் ஐந்து பிள்ளைகளுக்குத் தகப்பன். இத்தனை வாழ்க்கையும் அவனுக்குள்ளே அந்த 27 வருஷமும் காத்துக்கிடந்திருக்கிறது!

போலோவுக்கு அப்படி ஒரு கதவு திறக்கவில்லை. 2014-ல் மைசூரிலேயே இறந்துபோனான். 2021-ல் ஜெர்மனியிலிருந்து அங்கே இரண்டு ஆண் கொரில்லாக்கள் வந்திருக்கின்றன. குடும்பம் என்று சொல்ல முடியாது. ஆனாலும் முகம் பார்க்க ஒரு முகம் இருக்கிறது.

இன்னொரு முறை போக வேண்டும் என்றிருக்கிறேன். இந்தத் தடவை கைகளைக் கட்டிக்கொண்டு நிற்பேன். அவை முதுகைக் காட்டினால், அந்த முதுகையே பார்த்துவிட்டு வருவேன்.