‘0 வரிகள்’ என்பது சான்றாகுமா?

மொழியியலில் ‘இல்லை’ என்பதும் ஒரு தரவு. ஒரு வடிவம் தரவகத்தில் காணப்படவில்லை என்று நாம் எழுதும்போது வெறும் குறையொன்றைப் பதிவு செய்வதில்லை. அம்மொழியின் இலக்கணத்தைப் பற்றி ஒரு கருத்தை நிறுவ முற்படுகிறோம். இன்ன விகுதி இன்ன வேர்ச்சொல்லோடு சேராது, இந்த வட்டாரத்தில் இந்த வழக்கு இல்லை என்னும் முடிவுகள் பலவும் இத்தகைய இன்மையின் மேல் எழுப்பப்பட்டவையே.

அந்த ‘இல்லை’யை இன்று நமக்குச் சொல்வது பெரும்பாலும் ஒரு தரவுத்தளம். வினவலைத் தட்டுகிறோம், ‘0 வரிகள்’ என்று விடை வருகிறது, ஆய்வேட்டில் ‘சான்று இல்லை’ என்று எழுதிவிடுகிறோம். இவ்விரண்டு கூற்றுகளுக்கும் இடையில் உள்ள தொலைவைப் பற்றியே இந்தப் பதிவு. கணினித்துறையினர் நன்கறிந்த செய்திதான். ஆனால் தரவகங்களைக் கொண்டு ஆய்வு செய்யும் நம்மிடையே இது போதிய அளவு பேசப்படுவதில்லை.

ஹைதராபாத்தில் நான் ஆய்வு செய்யும் துறையில் பேச்சுத்தமிழும் பேச்சுத்தெலுங்கும் கொண்ட தரவகம் ஒன்று இருக்கிறது. களப்பணியில் ஒலிப்பதிவு செய்தவற்றை உரோமன் எழுத்துப்பெயர்ப்பில் எழுதி, உருபன் எல்லைகளை இடைக்கோட்டால் பிரித்து, போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் சேமித்து வைத்திருக்கிறோம். 1986இல் பெர்க்லியில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கரின் தலைமையில் ஆய்வுத் திட்டமாகத் தொடங்கி, 1996இல் போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்று பெயர் பெற்ற திறமூல மென்பொருள் இது. கட்டணம் இல்லை, நிரல் எல்லோரின் பார்வைக்கும் திறந்திருக்கிறது. பொதுப் பணத்தில் நடக்கும் ஆய்வுக்கு இதைவிடப் பொருத்தமான கருவி அரிது.

இதை லினக்ஸ் சர்வரில் நிறுவுவது கடினமன்று. மென்பொருள் தொகுப்பை இறக்கி நிறுவுவது முதற்படி. தரவுகள் வாழப்போகும் கோப்புறையை உருவாக்கும் ‘இனிட்டிபி’ கட்டளை இரண்டாம் படி. இந்த இரண்டாம் படியில், நாம் எதையும் குறிப்பிடாவிட்டால், சர்வரின் ‘லோக்கேல்’ அமைப்பு எதுவோ அதையே கட்டளை எடுத்துக்கொள்கிறது. மொழி, நாடு, எழுத்துக் குறியேற்றம் ஆகியவற்றோடு, எந்த எழுத்துக்குப் பின் எந்த எழுத்து என்னும் அகரவரிசையும் அங்கேயே தீர்மானமாகிவிடுகிறது. நம் நாட்டில் அமைக்கப்பட்ட சர்வர்களில் அது பல வேளைகளில் இந்திய ஆங்கிலமாக இருக்கும். எங்கள் சர்வரிலும் அப்படித்தான்.

போஸ்ட்கிரெஸ் வழக்கமாக இந்த வரிசையைத் தானே வைத்திருப்பதில்லை. இரண்டு சொற்களில் எது முந்தியது என்று தெரிய வேண்டுமானால், இயங்குதளத்தின் அடித்தளமான க்னூ சி நூலகத்தைக் கேட்கும். அந்த நூலகம் சொல்லும் விடையை நம்பித்தான் இண்டெக்ஸ் எனப்படும் அடைவைக் கட்டுகிறது.

2024 ஜூன் 30 அன்று சென்ட்ஓஎஸ் 7 இயங்குதளத்துக்கான ஆதரவு முடிவுக்கு வந்தது. அதை நம்பியிருந்த கல்வி நிறுவனங்கள் பல அதையொட்டிப் புதிய இயங்குதளங்களுக்கு மாறின. எங்கள் தரவகமும் புதிய சர்வருக்குச் சென்றது. போஸ்ட்கிரெஸின் அதே 12ஆம் பதிப்பு, அதே வகைச் செயலி என்பதால், தரவுக் கோப்புறை அப்படியே நகலெடுத்து வைக்கப்பட்டது. சர்வர் முறையாகத் தொடங்கியது. பதிவேட்டில் ஒரு பிழைச் செய்தியும் இல்லை.

சில வாரங்கள் கழித்து முதுகலை மாணவி ஒருத்தி வந்து, “அக்கா, என் களக்குறிப்பேட்டில் இருக்கும் வினைவடிவம் தரவகத்தில் வரவில்லை. ஆனால் போன ஆண்டு அதை உள்ளிட்டவளே நான்தான்” என்றாள். அவளுடைய ஆய்வேடு எதிர்மறை வினைகளைப் பற்றியது. எந்தெந்த வடிவங்கள் பேச்சில் வழங்கவில்லை என்ற பட்டியல்தான் அதன் மூன்றாம் இயல்.

வடிவத்தை முழுமையாகத் தந்து தேடியபோது 0 வரிகள். அதே வடிவத்தின் நடுப்பகுதியை மட்டும் தந்து தேடியபோது மூன்று வரிகள். அவற்றுள் அவள் உள்ளிட்டதும் இருந்தது. முதலில் குறியேற்றத்தின் மேல்தான் ஐயம் எழுந்தது. நெடிலைக் குறிக்கும் மேற்கோட்டு எழுத்தை ஒரே குறியாகவும் எழுதலாம், எழுத்தும் கோடுமாக இரண்டு குறிகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, கணினிக்கு வேறு. பைட்டுகளாகப் பிரித்து ஒப்பிட்டோம். வேறுபாடு இல்லை.

அடுத்ததாக, வினவலை எவ்வழியே நிறைவேற்றுகிறாய் என்று ‘எக்ஸ்ப்ளெய்ன்’ கட்டளையால் போஸ்ட்கிரெஸையே கேட்டோம். முழு வடிவத்தைத் தேடும்போது அடைவின் வழியே செல்கிறது; நடுப்பகுதியைத் தேடும்போது அட்டவணையை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படிக்கிறது. அடைவைப் பயன்படுத்துவதை அந்த அமர்வுக்கு மட்டும் நிறுத்திவிட்டு முழு வடிவத்தை மீண்டும் தேடினோம். மூன்று வரிகளும் வந்தன. தரவு பத்திரமாக இருந்தது. அதை அடையும் வழிதான் தவறியிருந்தது.

அடைவு இயங்கும் முறையை அகராதியைக் கொண்டு எளிதில் விளக்கலாம். அகராதியில் ஒரு சொல்லைத் தேடுபவர் எல்லாப் பக்கங்களையும் படிப்பதில்லை. இடையில் ஒரு பக்கத்தைத் திறந்து, தம் சொல் இதற்கு முன்னா பின்னா என்று பார்த்து நகர்கிறார். அகராதி ஒரு வரிசையில் அச்சாகியிருக்க, தேடுபவர் வேறொரு வரிசையைக் கற்றவராக இருந்தால், தவறான பக்கத்துக்குப் போய் ‘இச்சொல் இதில் இல்லை’ என்பார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் கற்ற வரிசைப்படி அது இருக்க வேண்டிய இடத்தில் இல்லை என்பது உண்மைதான்.

எங்கள் சர்வரில் நடந்ததும் இதுவே. சென்ட்ஓஎஸ் 7இல் இருந்தது க்னூ சி நூலகத்தின் 2.17 பதிப்பு. 2018 ஆகஸ்டில் வெளியான 2.28 பதிப்பில், ஐஎஸ்ஓ 14651 என்னும் பன்னாட்டு வரிசைமுறைத் தரத்தின் 2016ஆம் ஆண்டுப் பதிப்புக்கு ஏற்ப அகரவரிசை விதிகள் பெருமளவில் மாற்றப்பட்டன. மாறியவற்றுள் ஒன்று இடைக்கோடு. பழைய விதியில் அது முதற்கட்ட ஒப்பீட்டில் கணக்கில் வராது. புதிய விதியில் வரும். 11, 1-1 ஆகிய இரண்டையும் ஆங்கில லோக்கேலில் வரிசைப்படுத்தச் சொன்னால், பழைய நூலகம் 11 முதலில் என்னும். புதியது 1-1 முதலில் என்னும். உருபன்தோறும் இடைக்கோடு இடும் மொழியியல் தரவகம் ஒன்றுக்கு இதைவிடப் பெரிய மாற்றம் வேண்டுமா? பழைய வரிசையில் கட்டிய அடைவைப் புதிய வரிசையை அறிந்த நூலகத்தின் துணையோடு தேடிக்கொண்டிருந்தது எங்கள் சர்வர்.

‘ஆம்செக்’ என்னும் துணைக்கருவி அடைவின் வரிசை முறிந்திருப்பதை உறுதி செய்தது. அடைவுகளை மறுபடி கட்ட ‘ரீஇண்டெக்ஸ்’ கட்டளை தந்தபோது, அவற்றுள் ஒன்று மறுத்தது. ஒரே வடிவம் இரு முறை இடம்பெறலாகாது என்ற கட்டுப்பாடு உள்ள அட்டவணை அது. புதியதாக ஒன்று உள்ளிடப்படும்போது அது முன்பே இருக்கிறதா என்பதையும் போஸ்ட்கிரெஸ் அடைவைப் பார்த்தே அறிகிறது. அடைவு ‘இல்லை’ என்றதால், இருந்த வடிவங்களே மீண்டும் நுழைந்திருந்தன. அவற்றை ஒவ்வொன்றாக ஒப்பிட்டு நீக்கிய பிறகே அடைவு கட்டப்பட்டது. மாணவியின் ‘சான்று இல்லை’ பட்டியலை மறுபடி தேடினோம். ஒன்பது வடிவங்கள் தரவகத்தில் இருந்தன. அவளுடைய மூன்றாம் இயலின் முடிவு ஒன்று மாறியது.

இந்நிகழ்வில் யாரையும் குறை சொல்ல எனக்கு மனமில்லை. நூலகத்தை மேம்படுத்தியவர்கள் பன்னாட்டுத் தரத்தைப் பின்பற்றினார்கள். சர்வரை மாற்றியவர்கள் ஆதரவு முடிந்த இயங்குதளத்தை விட்டு உரிய காலத்தில் வெளியேறினார்கள். இடறியது அகரவரிசை என்பது இயற்கையானது, மாறாதது என்ற நினைப்பு. மொழியியல் படித்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றக்கூடாது.

தமிழையே எடுத்துக்கொள்வோம். தொல்காப்பியத்தின் முதல் நூற்பா எழுத்துகளின் தொகையைச் சொல்லும்போதே அவை அகரத்தில் தொடங்கி னகரத்தில் முடிபவை என்று வரிசையின் இரு முனைகளையும் குறித்துவிடுகிறது. யூனிகோடு அட்டவணையிலோ னகரம் கடைசியில் இல்லை. நகரத்துக்கு அடுத்து நிற்கிறது. றகரம் ரகரத்துக்கு அடுத்தும், ழகரம் ளகரத்துக்கு அடுத்தும் நிற்கின்றன. இந்திய எழுத்துகள் அனைத்துக்கும் பொதுவான சட்டகமாக 1988இல் அமைந்த இஸ்கி குறியேற்றத்தை யூனிகோடு அடியொற்றியதன் விளைவு இது. குறியெண்களின்படி வரிசைப்படுத்தினால் மனை, மறை, மலை, மழை என்று வரும். மரபு வரிசையோ மலை, மழை, மறை, மனை. மரபில் மெய் உயிர்மெய்க்கு முந்தியது. ஆகவே அகராதியில் ‘அக்கா’ முன்னும் ‘அகம்’ பின்னும் வரும். குறியெண் வரிசையில் புள்ளி உயிர்க்குறிகளுக்குப் பிந்தியது. ஆகவே ‘அகம்’, ‘அகில்’ எல்லாம் கடந்த பிறகே ‘அக்கா’ வரும். இவற்றுள் எது வேண்டும் என்று தேர்வது மொழியறிவு சார்ந்த முடிவு. அதைச் சர்வரின் இயல்பமைப்புக்கு விட்டுவிடுவது நம் துறையின் பொறுப்பைக் கைமாற்றுவதாகும்.

ஆகவே, தரவகம் வைத்திருப்போருக்கும் வைக்கவிருப்போருக்கும் சில பரிந்துரைகள்:

1. தேடலுக்கு ஒரு வரிசை, காட்சிக்கு ஒரு வரிசை என்று பிரித்துக்கொள்ளுங்கள். நிறுவும்போதே குறியேற்றம் யூடிஎஃப்-8 என்றும், வரிசை ‘சி’ லோக்கேல் என்றும் வெளிப்படையாகக் குறிப்பிடலாம். ‘சி’ வரிசை குறியெண்களை மட்டும் ஒப்பிடுவது. நூலகம் மாறினாலும் மாறாது. சொல்லின் முதற்பகுதியைக் கொண்டு தேடும் வினவல்களும் அதில் சாதாரண அடைவையே பயன்படுத்திக்கொள்ளும்.

2. அச்சுக்கோ திரைக்கோ சொற்பட்டியல் எடுக்கும்போது, ஐ.சி.யூ. நூலகத்தின் தமிழ் வரிசைமுறையை அந்த வினவலிலேயே குறிப்பிடுங்கள். போஸ்ட்கிரெஸ் 10ஆம் பதிப்பிலிருந்து இவ்வசதி உண்டு. மலையும் மழையும் மரபுப்படி நிற்கும். அக்காவும் தன் இடத்துக்கு வந்துவிடுவாள்.

3. வேறு இயங்குதளத்துக்கு மாறும்போது கோப்புறையை நகலெடுப்பதைவிட, தரவை உரைவடிவில் வெளியே எடுத்துப் புதிய சர்வரில் மீண்டும் ஏற்றுவது நல்லது. அடைவுகள் அங்கே புதியதாகக் கட்டப்படும். கோப்புறையை நகலெடுத்தே ஆகவேண்டுமானால், பிறர் எழுதத் தொடங்குவதற்கு முன் உரைக்களங்களின் அடைவுகளை மறுபடி கட்டிவிடுங்கள்.

4. போஸ்ட்கிரெஸ் 15ஆம் பதிப்பிலிருந்து தரவுத்தளம் தன் வரிசைமுறையின் பதிப்பெண்ணைக் குறித்து வைத்து, அது மாறியிருந்தால் எச்சரிக்கிறது. பதிப்பெண்ணைப் புதுப்பிக்கும் கட்டளை அந்த எச்சரிக்கையை நிறுத்துமே தவிர, அடைவைச் சீராக்காது. முதலில் அடைவு, பிறகு பதிப்பெண்.

5. ஒரு வடிவம் இல்லை என்பதே உங்கள் வாதத்தின் ஆதாரமானால், அடைவைத் தவிர்த்து ஒருமுறை முழு அட்டவணையையும் படிக்கச் செய்து உறுதி செய்யுங்கள். சில மணித்துளிகள் கூடுதலாகும், அவ்வளவே.

6. ஆய்வுமுறை பற்றிய இயலில் ஒலிப்பதிவுக் கருவியின் பெயரை எழுதுகிறோம். தரவுத்தளத்தின் பதிப்பு, இயங்குதளம், வரிசைமுறை ஆகிய மூன்றையும் அதே பத்தியில் ஒரு வரியில் எழுதலாம். பின்னால் வருபவர் நம் ‘இல்லை’யைச் சரிபார்க்க அது உதவும்.

உங்கள் துறையின் தரவகம் 2018க்குப் பிறகு ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்கு மாறியிருக்கிறதா? பழைய சர்வர் இன்னும் இருந்தால், இரண்டிலும் 11, 1-1 ஆகியவற்றை ஒரே லோக்கேலில் வரிசைப்படுத்தி ஒப்பிடுங்கள். பழையது போய்விட்டிருந்தால் ‘ஆம்செக்’கை ஓடவிடுங்கள். இரண்டும் சேர்ந்து ஒரு பிற்பகலுக்குள் முடிகிற வேலை. முறிவு தெரியவந்தால், அடைவைச் சீர்செய்வதற்கு முன், அந்த இடைக்காலத்தில் ‘சான்று இல்லை’ என்று எழுதியவர்கள் யார் யார் என்று ஒரு பட்டியல் எடுத்துக்கொள்ளுங்கள். அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும்.