வெள்ளை வயல் மலை

இஷாத் தொழுகை முடிந்து வீடு திரும்பும்போதெல்லாம் ஒரே காட்சிதான். பதினான்கு வயதான என் இளைய மகன், காதில் இயர்போனைப் பொருத்திக்கொண்டு கண்மூடிப் படுத்திருப்பான். மதரஸாவில் ஊரார் பிள்ளைகளுக்கு ஒழுக்கம் போதிப்பவன் நான். என் வீட்டிலேயே சினிமாப் பாட்டு இரவைத் தின்கிறதே என்று உள்ளூரப் புழுங்கினேன்.

ஓர் இரவு பொறுமை இழந்தேன். அதட்டிப் பறித்து, என் காதிலேயே வைத்துப் பார்த்தேன். திகைத்துப் போனேன். பாட்டில்லை, சொல்லில்லை, தாளமும் இல்லை. மார்கழி விடியலில் நம் வயல்கள்மீது பனி நகர்வதைப் போன்ற ஓர் ஓசை. தொடங்கிய இடமும் தெரியவில்லை, முடியும் இடமும் தெரியவில்லை.

"ஜப்பான்காரர், அத்தா. சிஹேய் ஹதகேயாமா என்று பெயர்" என்றான் பயந்தபடி.

மறுநாள் சினம் தணிந்தபின் விவரம் கேட்டேன். கல்லூரியில் வரலாறு பயின்றவனாதலால், எதற்கும் மூலத்தைத் தேடும் பழக்கம் எனக்கு உண்டு. கிதார், பியானோ முதலியவற்றின் ஒலியைப் பதிவு செய்து, மடிக்கணினியில் அதை நீட்டியும் குழைத்தும், எந்தக் கருவியின் ஒலி என்றே அறிய இயலாதபடி ஆக்குகிறார் அவர். தம்முடைய இசையையும் பிறர் இசையையும் வெளியிடத் தாமே ஒரு சிறு வெளியீட்டகத்தை நடத்துகிறார். அதன் பெயர் 'ஒயிட் பேடி மவுண்டன்', அதாவது வெள்ளை வயல் மலை. ஹதகேயாமா என்ற பெயரின் ஜப்பானிய எழுத்துகளைப் பிரித்தால் வெள்ளை, நெல்வயல், மலை என்ற மூன்றும் கிடைக்குமாம்! பெயரிலேயே நெல்வயலைச் சுமப்பவரைத் திருத்துறைப்பூண்டிக்காரன் எப்படி அந்நியர் என்பது?

மகன் மேலும் சொன்னான். ஹிரோஷி யோஷிமுரா என்பவர் 1982இல், தோக்கியோவின் கலைக்கூடம் ஒன்றை மனத்திற்கொண்டு, வீட்டிலிருந்தபடியே மின்னிசைப் பலகையில் 'ஒன்பது அஞ்சலட்டைகளுக்கான இசை'யை உருவாக்கினார். 2003இல் அவர் மறைந்தார். 2017இல் அது மறுவெளியீடு கண்டபோதுதான் கடல் கடந்த நாடுகளில் பலரும் அவரை அறிந்தனர். ஹிரோஷிமா நகரின் மெய்தெய் என்ற இளம் கலைஞர், மறைந்துவரும் பழைய ஜப்பானின் சாயலை இன்றைய மின்னொலியில் வடிக்கிறார். ஹருவோமி ஹொசோனோ 1978இல் இந்தியா வந்து சென்றபின் வெளியிட்ட 'கொச்சின் மூன்' தொகுப்பில், மதராஸிலிருந்த கான்சல் ஜெனரல் அம்மையாரின் பெயரால் ஓர் இசைக்கோவையே இருக்கிறது.

"எல்லாம் சரி. தூங்கும் நேரத்தில் இது எதற்கு?" என்றேன்.

சற்று நேரம் தலைகுனிந்திருந்தான். பிறகு, "காற்றுச் சத்தம் கேட்காமல் இருக்க, அத்தா" என்றான்.

எனக்குப் பேச்சு எழவில்லை. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபோது அவனுக்கு ஏழு வயது. ஓடுகள் பறக்க, தென்னைகள் முறியும் ஓசையைக் கேட்டபடி கூடத்து மூலையில் எங்களோடு ஒடுங்கிக் கிடந்தான். விடிந்ததும் போன ஓடுகளை எண்ணினோம். சாய்ந்த மரங்களை எண்ணினோம். பிள்ளையின் உறக்கமும் போயிற்று என்பதை வீட்டில் எவரும் கவனிக்கவில்லை.

இசையைப் பற்றி மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. பேணுதலை விரும்புகிறவன் நான். அந்த விவாதத்தை இங்கே எழுப்ப வரவில்லை. ஆனால் அவன் அச்சம் என்னவென்று அறியாமல் அவன் கையிலிருந்ததை மட்டும் பறித்தேனே, அந்தத் தவறு என்னுடையது.

இப்போது காற்று பலக்கும் இரவுகளில் அவன் பாயருகே என் பாயை விரித்துக்கொள்கிறேன். சில இரவுகளில் அந்தப் புயலைப் பற்றிப் பேசுகிறான். சில இரவுகளில் இயர்போன் தேவைப்படுகிறது. சில இரவுகளில் தலைமாட்டிலேயே கிடக்கிறது, அல்ஹம்துலில்லாஹ்.

பெற்றோரே! பிள்ளையின் காதிலிருப்பதைப் பிடுங்குமுன், அது ஏன் அங்கே இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அந்த ஒரு வார்த்தையைக் கேட்க எனக்கு ஏழாண்டுகள் ஆயின.