ஏழாம் எண் மட்டை

வார இறுதிகளில் கிள்ளானில் ஒரு கோல்ப் கடையில் பகுதி நேர வேலை செய்கிறேன். விற்றால் கமிஷன் உண்டு. என் பல்கலைக்கழகச் செலவுக்கு அதுதான் துணை.

ஒரு சனிக்கிழமை பிரிக்பீல்ட்ஸிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வந்தார். மெல்லிய பிளேடு மட்டையைக் கண்டதும் முகம் மலர்ந்தது. "எவ்வளவு அழகும்மா!" என்றார். பின்புறம் குழிந்த மட்டையைக் காட்டினேன். அதில் எடை ஓரங்களில் பரவியிருப்பதால், பந்து நடுவில் படாவிட்டாலும் அதிகம் விலகாது. 1959இல் 'பிங்' நிறுவனத்தைத் தொடங்கிய கார்ஸ்டன் சோல்ஹைம் பரவலாக்கிய உத்தி அது.

புதிய ஏழாம் எண் மட்டையால் அடித்துப் பார்த்தார். அவருடைய பழைய ஏழைவிடப் பந்து தூரம் போனது. விலையைப் பார்த்துத் தயங்கினார். "எல்லாம் தொழில்நுட்பம் சார்" என்றிருந்தால் வாங்கியிருப்பார்.

அப்பா ஞாபகம் வந்தது. இளமையில் பிறர் பையைச் சுமந்த கேடி அவர்; சொந்தமாக ஒரு மட்டைகூட இருந்ததில்லை. "நம்பர நம்பாத, சாய்வப் பாரு" என்பார். பழைய ஏழாம் எண்ணின் சாய்வு சுமார் 35 பாகை. புதியவை சிலவற்றில் 28தான். ஏறக்குறைய பழைய ஐந்தாம் எண்.

அதை அப்படியே ஆசிரியரிடம் சொன்னேன். கடந்த ஆண்டு மாடலில், குழிந்த மட்டைகளையே மலிவாக வாங்கிச் சென்றார். என் கமிஷன் பாதியானது.

இரவு அப்பாவிடம் சொன்னேன். கமிஷனைப் பற்றி அவர் கேட்கவில்லை.

"வாத்தியாருக்கு அதுதான் சரி" என்றார்.