மலை கற்பித்த பாடம்

முயன்றால் முடியாதது இல்லை என்று காலைக் கூட்டங்களில் முழங்கியே என் ஆசிரியப் பணியின் முப்பது ஆண்டுகள் கழிந்தன. அம்முழக்கத்தின் உண்மையான எடையை நான் உணர்ந்தது, ஐம்பத்து நான்காம் அகவையில், சபா மாநிலத்துக் கினபாலு மலையின் பாறைச் சரிவில்தான்.

4,095 மீட்டர் உயர்ந்து நிற்கும் அம்மலையே நம் நாட்டின் மிக உயர்ந்த சிகரம். 1851-இல் ஹியூ லோ அதன் மேற்பாறைத் தளத்தை எட்டினார். ஆயினும், அவர் பெயரைத் தாங்கிய உச்சியை 1888-இல் சென்றடைந்தவர் ஜான் வைட்ஹெட் என்னும் விலங்கியல் ஆய்வாளரே.

இளம் ஆசிரியர் நால்வருடன் திம்போஹோன் வாயிலில் நடக்கத் தொடங்கினேன். மாலையில் லாபான் ராத்தா விடுதியை அடைந்து, பின்னிரவு இரண்டு மணிக்கு மீண்டும் புறப்பட்டோம். மரங்கள் மறைந்தன, வெறும் பாறையும் அதன்மேல் கிடந்த கயிறுமே வழியாயின. இளைஞர்களின் நெற்றி விளக்குகள் மின்மினிகளாய் மேலே மேலே சென்றன. கடைசியாய் நின்றவன் நான்.

என்னுடன் வந்த டூசுன் இன வழிகாட்டி இளைஞர் என்னை இழுக்கவில்லை, கடிந்துகொள்ளவுமில்லை. ஓரடி பின்னால் நின்று, "பெலான் பெலான், சிக்கு" என்றார். மெல்ல வாருங்கள் என்னும் அவ்வொரு சொல்லே எனக்கு ஊன்றுகோலாயிற்று.

அப்போது ஒரு சிறுவனின் முகம் நினைவில் எழுந்தது. எழுத்துக் கூட்டி வாசிக்கத் திணறிய அவனை வகுப்பின் முன் நிறுத்தி, "உன் தோழர்கள் எங்கே, நீ எங்கே?" என்று கேட்டவன் நான். அக்கேள்வி இருளில் என்னையே நோக்கித் திரும்பியது.

மழை பிடித்தது, பாறை வழுக்கியது. திரும்பிவிடலாம் என்றார் வழிகாட்டி. 2015 ஜூன் 5-ஆம் நாள் நிலநடுக்கத்தில் அம்மலையில் பதினெண்மர் மாண்டனர். வழிகாட்டிகளும் அவர்களுள் அடங்குவர். மலையின் சினம் அறிந்தவர் சொல்லுக்குப் பணிந்து இறங்கினேன்.

திங்கட்கிழமைக் கூட்டத்தில், "ஐயா, உச்சியைத் தொட்டீர்களா?" என்று கேட்டான் ஒரு மாணவன். "இல்லையப்பா" என்றேன். அவ்விடையைச் சொல்வது மலையேற்றத்தினும் கடினமாய் இருந்தது.

அன்றைய சிறுவன் இன்று எங்கிருக்கிறானோ, அறியேன். ஆனால், வகுப்புகளைப் பார்வையிடச் செல்லும்போதெல்லாம், வாசிக்கத் தடுமாறும் பிள்ளையின் அருகில் அமர்கிறேன். "மெல்ல, அப்பா, மெல்ல" என்கிறேன்.