காவிரிக் கரையிலிருந்து ஒரு கடற்பயணம்

பரமத்தி வேலூரிலே காவிரி அகன்று ஓடுகிறது. வெற்றிலைக் கொடிக்கால்களையும் வாழைத் தோட்டங்களையும் வாழ்விக்கும் இந்நீர், திருச்சியைக் கடந்து பூம்புகாரில் கடலோடு கலக்கின்றது. ஆயினும் இவ்வூரார்க்குக் கலம் என்றால் மூங்கிலால் முடைந்த பரிசலே. பணி ஓய்வு பெற்ற நம் பங்கு மக்கள் சிலர், "இனி எங்களுக்கென்ன வேலை, சாமி?" என வினவுவதுண்டு. அவர்களுக்கு நாம் சொல்ல விரும்புவது ஒரு கடலோடியின் வரலாறு.

கேரளத்தைச் சேர்ந்த அபிலாஷ் டோமி நம் கடற்படை அதிகாரியாயிருந்தவர். 2012-13ஆம் ஆண்டுகளில் எத்துறைமுகத்திலும் நில்லாது தனியொருவராய் உலகைச் சுற்றிய முதல் இந்தியர் இவரே. 2018இல் 'கோல்டன் குளோப்' பந்தயத்தில் கலந்துகொண்டார். 1968ஆம் ஆண்டில் இருந்த கருவிகளையே கொண்டு கலம் செலுத்த வேண்டுமென்பது அப்பந்தயத்தின் விதி. சூரியனையும் விண்மீன்களையும் செக்ஸ்டன்ட் கருவியால் அளந்தே வழி காணவேண்டும். அவர் சென்ற 'துரியா' கோவாவில் கட்டப்பட்டது. 1969இல் நில்லாது தனியே உலகைச் சுற்றி முடித்த முதல் மனிதரான ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டனின் 'சுஹைலி'யை ஒத்தது. அந்தச் சுஹைலியும் மும்பையில் தேக்கினால் உருவானதே!

அவ்வாண்டு செப்டம்பர் 21ஆம் நாள், தென் இந்தியப் பெருங்கடலில் எழுந்த புயலில் பாய்மரம் ஒடிந்தது. அவருடைய முதுகெலும்பும் முறிந்தது. எழ இயலாது ஏறத்தாழ மூன்று நாள் கிடந்தார். அதே புயலில் தம் பாய்மரத்தையும் இழந்திருந்த அயர்லாந்து வீரர் கிரெகர் மெக்குகின், போட்டியை மறந்து, ஒட்டுப்பாய் கட்டி இவரை நோக்கி வரலானார். சமாரியன் உவமையை ஆண்டுதோறும் பிரசங்கிக்கும் நமக்கு இச்செய்தி நெஞ்சைத் தொட்டது. 24ஆம் நாள் 'ஒசிரிஸ்' என்னும் பிரெஞ்சுக் கப்பல் டோமியை மீட்டது. பின்னர் மெக்குகினையும் ஏற்றிக்கொண்டது.

முதுகில் டைட்டானியம் தண்டுகள் பொருத்தப்பட்டு, மீண்டும் நடக்கப் பழகினார் டோமி. 2021இல் கடற்படையினின்று ஓய்வு பெற்றார். மறு ஆண்டே, ஏறத்தாழ 36 அடி நீளமுள்ள 'பயானத்' என்னும் படகில் அதே பந்தயத்திற்குப் புறப்பட்டார்.

இது வீண் துணிச்சல் அன்றோ? மீட்கச் செல்வோரின் உயிரும் உயிரல்லவா? இக்கேள்வியை நாம் எளிதில் தள்ளிவிட மாட்டோம். ஆனால் தம் தொழிலை நன்கறிந்தவர், உடலைத் தேற்றி, கலத்தைச் செப்பனிட்டுச் செல்வதை வீம்பு என்று சொல்ல நம் மனம் ஒப்பவில்லை.

2022 செப்டம்பர் 4ஆம் நாள் பிரான்சிலிருந்து கிளம்பியோர் 16 பேர். தென்னாப்பிரிக்கப் பெண்மணி கிர்ஸ்டன் நாய்ஷேபர் முதலாவதாக வந்தார். 236 நாள் தனிமைக்குப்பின், 2023 ஏப்ரல் 29ஆம் நாள், டோமி இரண்டாமவராய்க் கரை சேர்ந்தார்.